படித்தது ஒன்று, படிக்கப் போவது ஒன்று

நமது சங்கத்துக் குடும்பங்களில் இன்று பட்டம் பெற்ற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. கொழுந்துக் கூடை சுமந்த தோள்களில் வளர்ந்தவர்கள் பொறியியலும் விஞ்ஞானமும் கற்று வருவது நமக்கெல்லாம் பெருமையே. ஆனால், பட்டம் கைக்கு வந்து சேர்ந்த மறுநாளே பிள்ளை எதிரில் நின்று, "படித்த துறையை விட்டு வேறு துறையில் மேற்படிப்புப் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் பெற்றவர் மனம் என்ன பாடுபடும்? அதை நான் நன்கு அறிவேன். 2022ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் அச்சொல்லை நானே கேட்டேன். அதனால் விளைந்த கலக்கத்தையும், பின்னர் உண்டான தெளிவையும் அன்பர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் வண்டிப்பெரியாற்றை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் பிட்டராக வேலை பார்த்தவன். என் பாட்டனார் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி மலையேறி வந்தவர். 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பீர்மேட்டுப் பகுதித் தோட்டங்கள் பல மூடப்பட்டபோது எங்கள் தொழிற்சாலையும் சில ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தது. அந்நாட்களில் நான் கம்பத்தில் ஒரு பட்டறையில் மோட்டார் பழுது பார்த்துக் குடும்பத்தைக் காத்தேன். வேலை என்பது இன்றிருந்து நாளை இல்லாமற் போகும் என்பதை அப்போது கற்றுக்கொண்டேன். ஆகவே, என் ஒரே மகளை யந்திரப் பொறியியல் படிக்க வைத்தேன். யந்திரம் அறிந்தவனுக்கு எந்த ஊரிலும் சோறு உண்டு என்பது என் நம்பிக்கை.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் என் தங்கை வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மகள் அத்தை வீட்டில் தங்கி, வேலந்தாவளம் வழியாகப் பேருந்தில் போய் வந்தாள். அவ்வாறு இரண்டு எல்லையூர்களுக்கும் இடையே அவள் நான்கு ஆண்டுகள் போய்வந்து கொண்டிருந்ததே இந்தக் கதைக்கு வித்து என்று இப்போது தோன்றுகிறது.

பீர்மேட்டு மழையை நம்மவர்க்கு விவரிக்க வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் துணி காய்வதற்கு அடுப்பங்கரையே கதி. கொழிஞ்சாம்பாறையோ கேரளத்தில் இருந்தும் வறண்ட பூமி. எங்கள் மலையில் பெய்வதில் பாதிகூட அங்கே பெய்வதில்லை. ஆனால் காற்றுக்குப் பஞ்சமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விட்டு நிற்கிறது. அரபிக் கடலிலிருந்து வரும் பருவக் காற்று அந்தக் கணவாயில் புகுந்து விரைகிறது. அதை நம்பியே கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் ராமக்கல்மேட்டிலும் அவற்றைக் காணலாம்.

"அப்பா, மலை ஒன்றுதான், கடலும் ஒன்றுதான். நம் வீட்டில் மழையாய்க் கொட்டுவது அத்தை வீட்டில் வெறுங் காற்றாய்ப் போவது ஏன்?" என்று முதலாண்டு விடுமுறையில் கேட்டாள். "அது கடவுள் கணக்கு, அம்மா" என்று சொல்லி நான் தப்பித்துக்கொண்டேன்.

பின்னர் 2020 வந்தது. கொரோனாவினால் கல்லூரி அடைபட்டு, மகள் வீட்டிலிருந்தபடியே படித்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாற்றுக்கு அப்பால், ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலோர் கயத்தாறு முதலிய ஊர்களிலிருந்து வந்த நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப் போயிருந்தமையால், மறுநாள் விடிந்த பின்னரே வெளியுலகம் அறிந்தது. அந்தச் செய்தி வந்த நாளில் நம் வீடுகள் எவற்றிலும் அடுப்பு எரிந்திராது.

என் மகள் அன்று அழவில்லை. என் பெட்டியைத் திறந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். தோட்டங்களில் நாள்தோறும் மழையளந்து எழுதும் வழக்கம் உண்டல்லவா? தொழிற்சாலை முற்றத்து மழைமானியைப் பல ஆண்டுகள் பார்த்தவன் நான். தோட்டப் பதிவேட்டில் எழுதியதை என் சொந்த நோட்டிலும் ஒரு வரி எழுதி வைப்பேன். தோட்டம் மூடிக் கிடந்த ஆண்டுகளின் பக்கங்கள் மட்டும் வெறுமையாக இருக்கும். அவள் அந்நோட்டை இரவெல்லாம் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பயன்தான் 2022 வைகாசியில் வெளிப்பட்டது. கோயம்புத்தூரில் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்று அவளுக்கு வேலை தருவதாகக் கடிதம் கொடுத்திருந்தது. நானும் என் மனைவியும் அக்கடிதத்தைச் சாமி படத்தின் கீழ் வைத்திருந்தோம். அவளோ, "வளிமண்டல விஞ்ஞானத்தில் எம்.டெக். படிக்க விரும்புகிறேன்" என்றாள்.

நான் கோபத்தில் சொன்னவற்றை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். "நான்கு ஆண்டு படிப்பையும், வாங்கிய கடனையும் மழையிலே கரைக்கப் போகிறாயா? பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு துறை, மூன்று துறை பார்க்கலாம். நமக்கு முதல் என்று இருப்பது இந்த ஒரு பட்டந்தான்" என்றேன். அவள் மறுத்துப் பேசவில்லை. என் மனைவிதான் நடுவே புகுந்து ஒரு வழி சொன்னாள்: ஓராண்டு வேலைக்குப் போகட்டும்; இரவில் படித்து மேற்படிப்புப் பரீட்சையும் எழுதட்டும்; தேறினால் போகட்டும், தேறாவிட்டால் வேலை இருக்கிறது. இருவரும் உடன்பட்டோம். அவள் தேறமாட்டாள் என்று நான் உள்ளூர நம்பினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் மகள் தன் கைப்பேசியிலிருந்து எனக்கு ஒரு படம் அனுப்பினாள். கூகிள் நிறுவனம் அன்று தன் முகப்பில் ஒரு பெண்மணியின் சித்திரத்தை வைத்திருந்தது. "அப்பா, இவர் பிறந்த ஊரைப் பாருங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தாள். அவர் பெயர் அன்னா மணி. பிறந்த ஊர் பீர்மேடு! ஆண்டு 1918. வண்டிப்பெரியாற்றுக்கும் பீர்மேட்டுக்கும் வாழ்நாளெல்லாம் போய் வந்த நான் அப்பெயரை அன்றுவரை கேட்டதில்லை. வெட்கத்தோடு அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அவர் தந்தையார் ஒரு பொறியியலாளர்; ஏலத் தோட்டம் உடையவர். எட்டாம் பிறந்த நாளில் வீட்டு வழக்கப்படி வைரத்தோடு கொடுக்க வந்தபோது, அது வேண்டாம், கலைக்களஞ்சியத் தொகுதிகள் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டவர் அச்சிறுமி. சென்னையில் பௌதிகமும் ரசாயனமும் படித்து 1939இல் பட்டம் பெற்றார். பெங்களூரில் சர் சி.வி. இராமனிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து, வைரமும் மாணிக்கமும் ஒளியை எவ்வாறு உமிழ்கின்றன என்று ஆராய்ந்தார். தனித்தே ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டார். 1945இல் தம் ஆய்வேட்டைச் சென்னைச் சர்வகலாசாலைக்கு அளித்தார். ஆனால், எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு டாக்டர் பட்டம் கிடைக்கவில்லை.

அதே ஆண்டில் அரசாங்க உபகாரச் சம்பளம் பெற்று லண்டன் சென்றார். பௌதிகம் தொடர்ந்து படிக்கவே அவர் விரும்பினார். கிடைத்த இடமோ வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சிக்கு உரியது. விரும்பியதல்ல, வாய்த்தது. 1948இல் திரும்பி வந்து புனாவில் இந்திய வானிலை இலாகாவில் சேர்ந்தார். எளிய கருவிகளைக்கூட வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் ஏறத்தாழ 100 கருவிகளுக்கு வரைபடங்களைத் திட்டம் செய்து, அவற்றை இந்நாட்டிலேயே செய்ய வழி வகுத்தார். 1957-58இல் சூரிய வெப்பத்தை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்தார். காற்றின் ஓசோனை அளக்கும் கருவியையும் உருவாக்கினார். இலாகாவின் துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்றார், 2001இல் காலமானார்.

மாணிக்கக் கல்லின் மங்கிய ஒளியைப் பல மணி நேரம் காத்திருந்து அளந்த பொறுமைதான் பின்னாளில் வெப்பமானியிலும் காற்றுமானியிலும் பிழை பொறுக்காத கண்டிப்பாக மாறியது என்று நான் எண்ணுகிறேன். துறை மாறியது, கற்ற பழக்கம் மாறவில்லை.

இச்செய்தியைத் தங்கையிடம் தொலைபேசியில் சொன்னேன். அவள் அண்டை வீட்டில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் அதைக் கேட்டுவிட்டு, "பீர்மேட்டுக்காரரைச் சொன்னீர்கள், எங்கள் பாலக்காட்டுக்காரரை விட்டுவிட்டீர்களே!" என்றாராம். அவர் குறிப்பிட்டது கே.ஆர். இராமநாதன் அவர்களை. தேர்த் திருவிழாவுக்குப் பேர் போன கல்பாத்தியில், தமிழ்க் குடும்பத்தில் 1893இல் பிறந்தவர். பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். பௌதிகமே அவர் கற்றது. 1921இல் கல்கத்தாவில் இராமனோடு சேர்ந்து, நீரில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தார். 1923இல் அவர் கண்ட ஒரு மங்கிய ஒளி, பின்னர் 1928இல் இராமன் விளைவு கண்டறியப்படுவதற்கு முன்னோடியாய் அமைந்தது. அவரோ 1925இலேயே வானிலை இலாகாவில் சேர்ந்துவிட்டார்!

அங்கே அவர் பலூன்களில் அனுப்பிய கருவிகளின் அளவுகளைக் கொண்டு, பூமத்திய ரேகைப் பகுதிக்கு மேலே மிக உயரத்தில் உள்ள காற்று, துருவப் பகுதிகளின் மேலே அதே உயரத்தில் உள்ள காற்றைவிடக் குளிர்ந்தது என்று காட்டினார். கேட்பவர்க்கு வியப்பளிக்கும் உண்மை அது. 1948இல் அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநரானார். அவர் பெயரால் வழங்கப்படும் பதக்கத்தை 1987இல் பெற்றவர் அன்னா மணி. பாலக்காட்டு எல்லையும் இடுக்கி எல்லையும் அந்தப் பதக்கத்தில் கைகோத்துக்கொண்டன. இருவரும் பௌதிகத்திலிருந்து வானிலைக்கு வந்தவர்கள். இருவரும் இராமனிடம் பயின்றவர்கள்.

இவர்களெல்லாம் அந்தக் காலத்து மேதைகள், நமக்கு உவமையாவார்களா என்று சிலர் கேட்கலாம். நம் காலத்திலும் ஒருவர் உண்டு. சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பரோடாவில் பௌதிகப் பட்டம் பெற்று, அமெரிக்காவில் 1976இல் பௌதிகத்திலேயே டாக்டர் பட்டமும் பெற்றார். அதன் பிறகு உயிரியல் கற்க விரும்பி, இரண்டாண்டுகள் மீண்டும் மாணவராய் வகுப்பில் உட்கார்ந்தார். டாக்டர் பட்டம் பெற்றவர் இளைஞர் நடுவே அடிப்பாடம் கேட்பதற்கு எவ்வளவு அடக்கம் வேண்டும்! 2009இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதுவும் ரசாயனத்தில்!

நான் மனம் மாறியது மட்டும் இம்மேதைகளால் அன்று, என் தொழிலால். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தபோது, "நீ கற்ற யந்திரவியலுக்கும் மேகத்துக்கும் என்னதான் உறவு?" என்று கேட்டேன்.

"நீங்கள் தொழிற்சாலையில் கொழுந்தை எப்படி வாட்டுவீர்கள், அப்பா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

வாட்டும் தொட்டியின் அடியில் விசிறியால் காற்றை ஏற்றுவோம். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்றறிய இரண்டு வெப்பமானிகளைப் பார்ப்போம். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும்; மற்றது வெறுங் குமிழ். இரண்டும் ஒரே அளவைக் காட்டினால் காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டது, கொழுந்து வாடாது என்று பொருள். வேறுபாடு கூடக் கூட விரைவில் வாடும்.

"வானிலை நிலையத்திலும் அந்த இரண்டு வெப்பமானிகள்தாம் இருக்கின்றன" என்றாள் மகள். "நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, அதனால் ஈரக் குமிழ் குளிர்கிறது. ஆவி மீண்டும் நீராகும்போது அந்த வெப்பம் வெளிப்படுகிறது. அதுவே மேகத்தை மேலும் மேலே தூக்குகிறது. கடற்காற்று நம் மலையில் மோதி ஏறுகிறது. ஈரம் திரளும் வரையில், 1 கிலோமீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 பாகை குளிர்கிறது. குளிர்ந்து ஈரம் தாங்காமல் மழையாய்க் கொட்டுகிறது. பாலக்காட்டுக் கணவாயில் ஏற வேண்டிய மலை இல்லை. காற்று நேரே ஓடிவிடுகிறது. பம்புக்குள் ஓடும் நீருக்கு எழுதும் சமன்பாடுதான் அந்தக் காற்றுக்கும்."

நாற்பதாண்டு நான் செய்த வேலை வானத்தின் வேலைதான் என்பதை என் மகள் சொல்லித்தான் அறிந்தேன். அவள் கற்றதை விட்டுப் போகவில்லை, கற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறாள் என்பது அன்று விளங்கிற்று.

கேட் என்னும் அகில இந்தியப் பரீட்சையை 2023 பிப்ரவரியில் எழுதினாள். அதில் பொறியியல் விஞ்ஞானங்கள் என்று ஒரு தாள் உண்டு. பொது அறிவுத் திறனுக்கு 15 மதிப்பெண், கணிதத்துக்கு 15. மற்றப் பகுதிகளில் நாம் விரும்பும் இரண்டுக்குத் தலைக்கு 35. திரவ இயக்கவியல் அவள் முன்னரே கற்றது. வளிமண்டலமும் கடலும் பற்றிய பகுதியைப் புதிதாய்க் கற்றாள். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் அத்தாளே அவளுக்குப் பாலமாயிற்று. தேறினாள். இடம் கிடைத்தது, மாதம் 12,400 ரூபாய் உபகாரச் சம்பளமும் கிடைத்தது.

அங்கே எல்லாம் இனிமையாக இருந்தது என்று எழுதினால் அது பொய். முதல் அரையாண்டில் அவள் மதிப்பெண்கள் மிகவும் தாழ்ந்தன. பம்பில் ஓடும் நீர், பூமி சுழல்கிறதா என்று கவலைப்படுவதில்லை. பருவக் காற்றோ பூமியின் சுழற்சியை விட்டால் ஒன்றுமே இல்லை. கதிர்வீச்சு, மேகத் துளிகளின் பௌதிகம் முதலியவற்றை உடன் படித்த பௌதிகப் பட்டதாரிகள் அறிந்திருந்தனர், இவள் அறியவில்லை. வானிலைக் கணக்குகளுக்கு 1957இல் பிறந்த ஃபோர்ட்ரான் என்னும் பழைய கணினி மொழியையும் கற்க வேண்டியதாயிற்று. ஓர் இரவு தொலைபேசியில், "தவறு செய்துவிட்டேனோ, அப்பா?" என்றாள். "தோட்டம் மூடியபோது நான் மோட்டார் வேலை கற்கவில்லையா? ஆறு மாதம் கை நடுங்கும், பிறகு பழகிவிடும்" என்றேன். நான் அவளுக்கு உதவியது அவ்வளவே.

2025இல் பட்டம் பெற்றாள். இப்போது ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் தற்காலிகப் பணியில் இருக்கிறாள். மலைச் சரிவுகளில் பெய்யும் கனமழையைப் பற்றியது அவ்வேலை. பம்புத் தொழிற்சாலையிலேயே இருந்திருந்தால் இன்று கூடுதலாகச் சம்பாதித்திருப்பாள். கல்விக் கடனும் விரைவில் அடைந்திருக்கும். அந்தக் கவலை எனக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் என் மழை நோட்டை அவள் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். வெறும் பக்கங்கள் உள்ள ஆண்டுகளைக் காட்டி, "இவை மட்டும் இருந்திருந்தால்!" என்று வருந்துகிறாள்.

என்னைப் போன்ற பெற்றோருக்கு அனுபவத்தால் கண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பிள்ளை துறை மாற விரும்பினால், "ஏன் விடுகிறாய்?" என்று கேட்பதற்கு முன் "எதை எடுத்துக்கொண்டு போகிறாய்?" என்று கேளுங்கள். விடை தெளிவாக வந்தால் பாதி அச்சம் நீங்கும். கசப்பினால் ஓடுகிறானா, விருப்பத்தால் போகிறானா என்பதும் அதிலே தெரிந்துவிடும். அடுத்து, சேர விரும்பும் கல்விக்கூடம் அந்தப் பட்டத்தை ஏற்குமா என்று விதிகளைப் படித்துப் பாருங்கள். பொறியியற் கல்லூரியில் ஆசிரியராக வேண்டுமென்றால் இரண்டு பட்டங்களும் பொருத்தமான துறையில் இருக்க வேண்டும் என்பது விதி. துறை மாறினால் அந்தக் கதவு சாத்தப்படலாம். பி.எஸ்ஸி. படித்தவர்கள் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர ஜாம் என்னும் வேறொரு பரீட்சை எழுத வேண்டும். முதலாண்டில் மதிப்பெண் குறைவது இயல்பு. அதற்காகக் கடிந்துகொள்ள வேண்டாம்.

நம் பாட்டன்மார் கரிசல் நிலத்து உழவை அறிந்தவர்கள்; மலையேறி வந்து தேயிலையைக் கற்றார்கள். மண்ணின் ஈரம் பார்க்கும் கண்ணை அவர்கள் அடிவாரத்தில் வைத்துவிட்டு வரவில்லை. நம் பிள்ளைகளும் அவ்வாறே போகட்டும்.